ஆயிரம் துண்டுகளும் ஒரு தாமரைத் தடாகமும்

ஒரு மகத்தான சித்திரத்தின் பிரதியை மதிப்பிடப் புகுகிறவர்கள், அது மூலத்தை எந்த அளவுக்கு ஒத்திருக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, வர்ணம் சரியில்லை, அளவு மிகச் சிறிது, ஆகவே இரண்டாந்தரம் என்று தீர்ப்பளித்துவிட்டு எழுந்துபோவது வழக்கம். அந்தக் கேள்வி அவசியமானதுதான். நானும் அதைக் கேட்கத்தான் போகிறேன். ஆனால் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துச் சித்திரம் ஒன்றை ஆயிரம் அட்டைத் துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிற ஜிக்சா புதிரைக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சேர்த்து முடித்த பிறகு, அதைவிட முக்கியமான வேறொரு கேள்வி இருக்கிறது என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. இந்தப் பிரதி நம்மை எவ்வளவு நேரம், எவ்வளவு கூர்மையாகப் பார்க்க வைக்கிறது என்பதே அந்தக் கேள்வி. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் வசிக்கும் ஒருவனுக்கு இதைக் கேட்பதற்கு விசேஷமான காரணம் உண்டு.

சித்திரம், லியனார்டோ டா வின்சியின் ‘கடைசி இராப்போஜனம்’. மிலான் நகரத்து சாந்தா மரியா டெல்லே கிராட்சியே மடத்தில், துறவிகள் அமர்ந்து உணவருந்தும் கூடத்தின் சுவரில், அந்நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவின் கட்டளைப்படி ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை தீட்டப்பட்டது. அகலம் 880 சென்டிமீட்டர், உயரம் 460 சென்டிமீட்டர். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்ன மறுகணத்தில், பன்னிரு சீடர்களும் திகைப்பும் கோபமும் துக்கமும் கொண்டு மும்மூவராகத் திரண்டு அலைமோத, நடுவில் அவர் மட்டும் சாந்தமாக இரு கைகளையும் மேசைமேல் விரித்து வீற்றிருக்கிற காட்சி அது. நம் நாட்டில் இதை அறியாதவர்கள் குறைவு. கிறிஸ்தவ இல்லங்களில் உணவு மேசைக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் படமாகவும், பித்தளைத் தகட்டில் புடைத்தெழுந்த உருவங்களாகவும், அச்சடித்த காலண்டராகவும் அது தமிழ்நாட்டுக்கு வந்து நெடுங்காலமாகிறது. ஆயினும் எல்லோருக்கும் தெரிந்த சித்திரமாக இருப்பதற்கும், எல்லோரும் பார்த்த சித்திரமாக இருப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கைக்கு வந்தது 98 சென்டிமீட்டர் நீளமும் 38 சென்டிமீட்டர் உயரமும் உள்ள நீள்வடிவப் புதிர். மூலத்தின் அகலத்தை 98 சென்டிமீட்டராகக் குறுக்கினால் அது ஒன்பதில் ஒரு பங்காகிறது; அதே விகிதத்தில் உயரம் சுமார் 51 சென்டிமீட்டர் இருந்தாக வேண்டும். ஆகவே சித்திரத்தின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு, பெட்டியின் சௌகரியத்துக்காகக் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. கத்தரிப்பில் பெரும்பகுதி போனது மேலே, கட்டங்கட்டமாக வரைந்த மரக்கூரை. அந்தக் கூரையின் கோடுகளும், இருபக்கச் சுவர்களில் தொங்கும் திரைச்சீலைகளின் விளிம்புகளும் ஒருங்கே ஓடிவந்து இயேசுவின் வலது நெற்றிப்பொட்டில் சந்திக்கும்படி லியனார்டோ அமைத்திருக்கிறார். அந்த இடத்தில் ஆணி அடித்து நூல் கட்டிக் கோடு பிடித்ததற்கான துளையையே பின்வந்தவர்கள் சுவரில் கண்டிருக்கிறார்கள். கூரையை வெட்டிவிட்டால், பார்க்கிறவனுடைய கண்ணை நடுவிலிருக்கும் முகத்துக்கு அழைத்துச் செல்லும் பாதைகளில் முக்கியமானவற்றை அடைத்துவிட்டதாக ஆகிறது. கீழே நேர்ந்த வெட்டும் லேசானதல்ல. 1652-ல் அந்தச் சுவரின் நடுவில் வாசல் திறந்தபோது இயேசுவின் பாதங்கள் அழிந்துபோயின. அந்த வாசல் அச்சித்திரத்தின் சரித்திரத்தில் ஒரு வடு. புதிரில் வாசலின் அடிப்பகுதி வெட்டுண்டு போனதால், மேல்வளைவு மட்டும் மேசைக்கடியில் இன்னதென்று விளங்காத ஒரு திட்டாக நிற்கிறது.

வர்ணமும் நேர்மையானதல்ல. பின்புறத்து ஜன்னல்களுக்கு வெளியே தெரியும் ஆகாயத்தைத் தேவைக்கு மேல் நீலமாக்கியிருக்கிறார்கள். உதிர்ந்தும் வெடித்தும் போன இடங்களை வழவழவென்று பூசி மெழுகிவிட்டார்கள். மேல்பூச்சின் பளபளப்பு டியூப்லைட்டின் கீழே கண்ணைக் கூசச் செய்கிறது. இத்தனையும் சேர்ந்து, மூலத்தை ஒத்திருக்கிறதா என்ற முதல் பரீட்சையில் இந்தப் பெட்டிக்குத் தேர்ச்சி மதிப்பெண் கொடுக்க என்னால் முடியாது.

இரண்டாவது பரீட்சையில் நிலைமை வேறு. இந்தச் சித்திரத்தைப் பல பத்தாண்டுகளாக எத்தனையோ வீடுகளின் சுவரில் பார்த்திருக்கிற நான், பேதுருவின் கையில் ஒரு கத்தி இருப்பதை இந்தப் புதிரில்தான் கண்டேன். கத்தி பிடித்த கை இருக்கும் துண்டு முதலில் கிடைத்தது. அது யாருடைய கை என்பது தெரியவில்லை. யூதாஸின் முதுகுப் பக்கமாக மணிக்கட்டு திரும்பிய நிலையில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கையை ஒவ்வொருவருடைய தோளோடும் பொருத்திப் பார்த்து, பொருந்தாமல், கடைசியில் யோவானின் காதோரம் குனிந்து கோபத்தோடு எதையோ கேட்கிற பேதுருவின் தோளிலிருந்து அது புறப்படுகிறது என்று கண்டுபிடித்தபோது, அந்தப் பெரியவரின் முன்கோபம் முழுவதும் ஒரு மணிக்கட்டில் திரண்டு நிற்பதை எங்கள் வீட்டுச் சிறுமி எனக்கு முன்பாகவே சொல்லிவிட்டாள். பணப்பையை இறுகப் பற்றிய யூதாஸின் விரல்கள், ஒற்றை விரலை மேலே உயர்த்தி நிற்கும் தோமா, உள்ளங்கைகள் இரண்டையும் முன்னே விரித்து எனக்கொன்றும் தெரியாது என்பதுபோல் பின்வாங்கும் அந்திரேயா, கைகளை நடுப்பக்கம் நீட்டியபடி முகத்தை மட்டும் மேசைக் கோடிக்குத் திருப்பிச் சீமோனிடம் விசாரிக்கும் மத்தேயு என்று, அந்தச் சுவரில் பேசுகிறவை வாய்களல்ல, கைகளே என்பது துண்டு துண்டாகத் தேடுகிறவனுக்குத்தான் பிரத்தியட்சமாகிறது. முழுப்படத்தை ஒரே பார்வையில் விழுங்குகிறவனுக்கு முகங்கள்தாம் தெரியும்.

மேசை விரிப்பில் நெடுநேரம் தங்க நேர்ந்தது. வெள்ளைத் துணி, எல்லாத் துண்டும் வெள்ளை, அதில் எது எங்கே போகிறது என்று தீர்மானிக்க, மடித்து வைத்திருந்த துணியை விரித்தபோது விழுந்த சதுர மடிப்புக் கோடுகளையும், ஓரத்தில் ஓடும் நீல வேலைப்பாட்டையும், ரொட்டியும் குவளையும் விழுத்துகிற சின்னஞ்சிறு நிழல்களையும் நம்பியாக வேண்டியிருந்தது. அந்த மடிப்புக் கோடுகளை ஒருவர் மெனக்கெட்டு வரைந்திருக்கிறார் என்ற எண்ணமே ஓவியத்தைப் பற்றிப் பத்துப் பாடங்களுக்குச் சமம். இருபுறச் சுவர்களின் இருட்டில்தான் பிள்ளைகள் சலித்துப்போனார்கள். அதை நாங்கள் வேகமாகக் கடந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதைப்பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை.

சித்திரத்தை வெட்டித் துண்டாக்குவது அதை அவமதிப்பதாகும் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் உலகப் படத்தை மரப்பலகையில் ஒட்டித் தேச எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்கப் பயன்படுத்தியதிலிருந்து இந்த விளையாட்டின் வம்சம் தொடங்குகிறது. தேசங்களைச் சேர்க்கக் கற்றவனுக்குத் தேசப்படம் மனத்தில் நிலைத்தது. அவமதிப்பு எதுவும் நிகழவில்லை. மிலான் சித்திரத்தின் விஷயத்திலோ, பிரதி என்பதை ஏளனமாகப் பேச யாருக்கும் உரிமையே இல்லை. லியனார்டோ, ஈரச் சாந்தின்மேல் விரைந்து தீட்டும் வழக்கமான முறையைக் கைவிட்டு, யோசித்து யோசித்துத் திருத்துவதற்கு வசதியாகக் காய்ந்த சுவரின்மேல் தீட்டினார். அவர் ஆயுட்காலத்திலேயே வர்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதைப் பார்த்த, கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி, கறைத் திட்டுகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று எழுதும் நிலைக்கு வந்திருந்தது. 1943-ல் குண்டு விழுந்து கூடத்தின் கூரை இடிந்தபோது, மணல்மூட்டை அடுக்கிப் பாதுகாத்திருந்த காரணத்தால் அந்தச் சுவர் தப்பியது. பினின் பிரம்பில்லா பார்சிலோன் என்ற அம்மையார் 1978 தொடங்கி 1999 வரை, பிற்காலத்தார் பூசியவற்றை அங்குலம் அங்குலமாக நீக்கி மூலவர்ணத்தை வெளிக்கொணர்ந்தபோது, காணாமற்போனவற்றை அறிந்துகொள்வதற்குப் பழைய பிரதிகளையே துணைக்கொள்ள நேர்ந்தது. லியனார்டோவின் மாணவர் வட்டத்தைச் சேர்ந்த ஜாம்பியெட்ரினோ 1520-ஐ ஒட்டித் தீட்டியதாகக் கருதப்படும் பிரதி, இன்று லண்டன் ராயல் அக்காடெமிக்குச் சொந்தமானது, இயேசுவின் பாதங்களை இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது; யூதாஸின் கை பட்டுக் கவிழ்ந்த உப்புப் பாத்திரமும் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. பிற்காலத்தார் மறைத்ததை நீக்கிய அந்த அம்மையார், வர்ணம் அறவே போன இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பாமல், மங்கலான நீர்வர்ணத்தை மட்டும் தடவி, இது இழந்த இடம் என்று பார்க்கிறவன் அறியும்படி விட்டார். அந்த நேர்மையைத்தான் புதிர்ப் பெட்டிக்காரர் பூசி மெழுகிவிட்டார் என்பதில் எனக்கு வருத்தம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோவில் மண்டபத்து விதானத்தில் இராமாயணக் காட்சிகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அம்பாளைச் சேவிக்க விரைகிறவர்களில் எத்தனை பேர் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்க்கிறோம் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விடுகிறேன். அதே ஊரில், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் சமஸ்தான காலத்தில், 1910-ல் ஸ்தாபிக்கப்பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. பூகர்ப்பப் பொருள்கள், பிராணி வகைகள், சாசனங்கள், செப்புத் திருமேனிகள் என்று ஒரு சிறிய ராஜ்யம் தன்னைத் தானே அறிந்துகொள்வதற்காகச் சேர்த்து வைத்த செல்வம் அது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் சித்தன்னவாசல்.

சமணர் குடைந்த அந்தக் குகைக் கோவிலின் அர்த்தமண்டபத்தை மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் என்பவர், அவனிபசேகரன் என்ற பெயர்கொண்ட பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், புதுப்பித்தார் என்று அங்குள்ள சாசனம் கூறுகிறது. மிலானில் லியனார்டோ தூரிகை எடுப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்த காரியம் இது. விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம். விரிந்த தாமரையும் மொட்டும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இலைகளும், அவற்றினூடே மீன்களும் அன்னங்களும், நீரில் இறங்கிய யானைகளும் எருமைகளும், பூக்கொய்யும் மூன்று ஆடவரும். தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணத்தை நோக்கிச் செல்லும் பவ்வியர்கள் என்னும் சமண அடியார்கள், வழியில் பொய்கையில் இறங்கி மலர் பறிக்கிற காட்சி என்று அறிஞர்கள் இதற்குப் பொருள் கூறியிருக்கிறார்கள். தூண்களில் ஆடல் மகளிர் இருவர். ஓர் அரசனும் அரசியும். டி. ஏ. கோபிநாத ராவும், புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேயும் இவற்றை உலகறியச் செய்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் சென்னை அருங்காட்சியக ரசாயன நிபுணர் பரமசிவன் சுவரைச் சுத்தம் செய்து வர்ணங்களை ஆராய்ந்தார். இந்தச் சித்திரங்களும் காய்ந்த சாந்தின்மேல் தீட்டும் முறையைச் சேர்ந்தவையே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மிலானைப் போலவே இங்கும் வர்ணம் உதிர்ந்திருக்கிறது. இங்கே மனிதக் கைகளும் தம் பங்குக்குச் சுரண்டியிருக்கின்றன.

அந்த மண்டபத்துக்குள் நுழைகிறவர் என்ன பார்க்கிறார்? குறைந்த வெளிச்சத்தில் கழுத்தை வளைத்து மேலே நோக்கி, பச்சையும் சிவப்புமாகக் கலங்கிய ஒரு பரப்பைக் கண்டு, காவலர் கைநீட்டிக் காட்டும் இடத்தில் மீனையும் யானையையும் அடையாளம் கண்டு, கழுத்து வலிக்கத் தொடங்கியதும் வெளியே வந்துவிடுகிறார். குற்றம் அவருடையதன்று. விதானத்தில் உள்ள சித்திரத்தை நெடுநேரம் பார்ப்பதற்கு மனித உடம்பு ஏற்றதல்ல. அப்படியானால் அந்தத் தடாகத்தைத் தரைக்கு இறக்கிக் கொண்டுவந்து, பிள்ளைகள் சுற்றிலும் உட்கார்ந்து, இந்த இலைக்கும் அந்த இலைக்கும் என்ன பேதம், இந்த நரம்பு எந்தப் பூவின் தண்டோடு சேர்கிறது என்று மணிக்கணக்காக ஆராயும்படி செய்கிற உபாயம் ஒன்று இருக்குமானால், அதைக் கைக்கொள்ளாமலிருப்பது நம் அலட்சியமல்லவா? மிலான் சித்திரத்தில் சுவரின் இருட்டுத்தான் சலிப்பூட்டியது; தாமரைத் தடாகத்திலோ சலிப்பூட்டும் அங்குலம் ஒன்றுகூட இல்லை. ஒரே மாதிரி தோன்றும் இலைகளில் எதுவும் மற்றொன்றைப் போல் இராது என்பதைச் சேர்க்கிறவனுடைய விரலே கண்டுபிடித்துவிடும்.

ஆகவே என் கோரிக்கை இது. சித்தன்னவாசல் தாமரைத் தடாகத்தைச் சிறுவர்களுக்கு நூறு துண்டுகளாகவும் பெரியவர்களுக்கு ஆயிரம் துண்டுகளாகவும் புதிராக்கி, நம் அருங்காட்சியகத்திலும், சித்தன்னவாசலிலும், மாவட்டத்துப் பள்ளிகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். குகைக் கோவில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அருங்காட்சியகம் மாநில அரசுடையது. இரண்டும் கூடிப் பேசினால் நடக்கிற காரியம்தான். அச்சிடவும் வெட்டவும் அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஊரெல்லாம் காலண்டர் அனுப்புகிற சிவகாசியில், கனமான அட்டையை டை வைத்து வெட்டுவது அன்றாட வேலை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் சித்திரங்களைச் சாமானியர் வீட்டுக்கு அனுப்பியதும், கோவில்பட்டி கொண்டையராஜுவின் தெய்வ உருவங்கள் காலண்டர்த் தாள்களில் தமிழகத்தின் ஒவ்வொரு சுவரையும் அடைந்ததும் நமக்கு அந்நிய அநுபவங்களல்ல. மலிவான பிரதியைக் கொண்டு ஒரு சமூகத்தின் கண்ணையே பழக்க முடியும் என்பதை நாம் ஏற்கெனவே நிரூபித்திருக்கிறோம்.

நிபந்தனைகள் உண்டு, அவற்றில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பெட்டியின் அளவுக்காகச் சித்திரத்தைக் கத்தரிக்கக் கூடாது. சித்திரத்தின் அளவுக்குப் பெட்டி செய்ய வேண்டும். ஆகாயத்தை நீலமாக்கியதுபோல் இலையைப் பச்சையாக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உதிர்ந்த இடத்தை உதிர்ந்ததாகவே அச்சிட வேண்டும். ஆடல் மகளிரின் உருவங்களைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து, விடுபட்டதை ஊகத்தால் முழுமையாக்கிப் புத்தகங்களில் வெளியிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அது உதவக்கூடும், ஆனால் பிள்ளையின் கையில் முதன்முதலாகப் போய்ச் சேரும் உருவம் அதுவாக இருக்கலாகாது. வெறும் சாந்து தெரிகிற துண்டுகளைப் பொருத்துவது கடினம் என்பது உண்மை. அந்தக் கடினத்தில்தான், இங்கே ஒன்று இருந்தது, அது போய்விட்டது என்ற நினைவு விரல் வழியாக ஏறும். மிலானில் பாதங்கள் போன இடத்தைப் பெட்டியில் மறைத்துவிட்டதால், இயேசுவின் பாதங்கள் எங்கே என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

புனிதமானவற்றை விளையாட்டாக்கலாமா என்ற ஆட்சேபணைக்கு நான் மரியாதை தருகிறேன். கருவறையில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரரின் திருவுருவத்தை வெட்டித் துண்டாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அதில் சமண சமூகத்தாரின் மனமே பிரமாணம், தடாகத்தைப் பற்றியும் அவர்களைக் கலந்துகொள்வதே முறை. ஆனால் மலர் பறிக்கும் பவ்வியரையும் நீந்தும் மீனையும் பக்தி குறையாமல் கையாள ஒரு குழந்தையால் முடியும் என்றே நம்புகிறேன். வேறொரு ஆட்சேபணை, புதிரைச் சேர்த்தவன் அதோடு திருப்தியடைந்து மூலத்தைத் தேடி வரமாட்டான் என்பது. என் அநுபவம் இதற்கு நேர்மாறு. பேதுருவின் கத்தியைக் கண்டுபிடித்த சிறுமி, மிலானுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறாள். அது தொலைவான ஆசை. தடாகத்தைச் சேர்த்து முடிக்கிற புதுக்கோட்டைப் பிள்ளைக்கோ, மூலம் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருக்கிறது. அவன் அங்கே போய் அண்ணாந்து பார்க்கும்போது, தான் பொருத்திய யானை எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் கைகாட்ட வேண்டியிராது.

இந்தக் காரியத்தில் முதல் வேலை அச்சுமல்ல, அட்டையுமல்ல, நல்ல புகைப்படம். விதானம் முழுவதையும் சீரான, வர்ணத்தைக் கெடுக்காத குளிர்ந்த ஒளியில், பகுதி பகுதியாக, பக்கத்தில் வர்ண அளவுகோல் வைத்துப் படமெடுத்து இணைத்து, அந்தப் பிரதியை அருங்காட்சியகத்திலும் தொல்லியல் துறையிலும் சேமித்து வைக்க வேண்டும். புதிர் விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தப் படம் மிஞ்சும். ஜாம்பியெட்ரினோவின் பிரதியை மிலான் நாடியதுபோல, சித்தன்னவாசலின் ஏதேனும் ஓர் இலை நாளை உதிர்ந்தால், அதைத் தேடுவதற்கு நமக்கும் ஓர் இடம் இருக்கும். அதற்கான செலவை இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கும்படி இரு துறைகளையும் கேட்டுக்கொள்கிறேன்.